கயிற்றைச் சோதித்த பின்னரே ஏறுக

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரை, துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் செறிந்த பகுதியாகும். தெற்கே 1881இல் தொடங்கிய சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம். கப்பல்களிலும் புகைபோக்கிகளிலும் எண்ணெய்த் தொட்டிகளிலும் கயிற்றை நம்பி ஏறிப் பணிபுரிவோர் இங்கு உண்டு. அவர்களுடைய சாதனங்களை ஓயாமல் அரிப்பது கடலின் உப்புக் காற்று.

நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் உரிய இவ்விதழில் இச்செய்தி எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, கருவியின் துணையால் மரம் ஏறும் பயிற்சியை இளைஞர்களுக்கு அளித்தது. அக்கருவியில் மரத்தைச் சுற்றிப் பிடிப்பது எஃகுக் கம்பி வடமே. அதனைப் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கும் சங்கங்களில் ஓர் இடர் உண்டு. தமக்கே உரிய கயிற்றை ஒவ்வொருவரும் கவனிப்பர். எல்லோருக்கும் உரிய கயிற்றைப் பிறர் கவனித்திருப்பர் என்று எண்ணி விட்டுவிடுவர். ஆகவே துறைமுகத் தொழிலாளர் கற்ற பாடம் நமக்கும் பயன்படும்.

கம்பி வடம்

எஃகு வடம் பெரும்பாலும் உள்ளிருந்தே கெடுகிறது. மேலே மசகு பூசியிருப்பதால் பளபளப்பாகத் தோன்றும். ஆனால் புரிகளுக்கிடையே புகுந்த உப்பும் ஈரமும் உட்கம்பிகளைத் தின்றுகொண்டிருக்கும். வடத்தை வளைக்கும்போது செந்தூள் உதிர்வதும், ஓரிடத்தில் மட்டும் பருமன் குறைந்திருப்பதும் அதன் அடையாளங்கள்.

1990ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தன. வடத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் பார்வையிட வேண்டும். ஒரு கம்பி அறுந்த பின்னர் மாதந்தோறும் பார்வையிட வேண்டும். வடத்தின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், வெளியே தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தக் கம்பிகளில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அவ்வடம் ஆகாது. சான்றாக, 12 மில்லிமீட்டர் வடத்தில் 6 புரிகளும், புரிக்கு 19 கம்பிகளும் இருப்பின் மொத்தம் 114 கம்பிகள். 96 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 12 கம்பிகள் அறுந்திருந்தால் அதனைக் கழித்துவிட வேண்டும். இது சுமை தூக்கும் வடத்துக்குரிய கணக்கு. மனிதரைத் தாங்கும் வடத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அதனை விலக்குவதே அறிவுடைமை.

சோதிக்கையில் வெறுங்கையால் உருவலாகாது. பருத்தித் துணியால் வடத்தைப் பற்றி மெல்ல இழுத்தால், அறுந்த கம்பி முனை துணியில் மாட்டிக்கொள்ளும்.

நார்க் கயிறும் வாரும்

இவ்வகையில் நெசவாளரின் விரல்களை மிஞ்சிய கருவி இல்லை. கயிற்றைச் சற்றே எதிர்முறுக்காகத் திருப்பிப் புரிகளை விலக்கிப் பாருங்கள். உள்ளே பொடி உதிர்ந்தாலும், பூஞ்சை மணம் வீசினாலும், ஓரிடம் மட்டும் துவண்டோ விறைத்தோ இருந்தாலும் அது வலுவிழந்த கயிறு. நைலான் கயிறு வெயிலாலும் அமிலத்தாலும் நலியும்; ஆகவே அதனை மின்கலங்களுக்கு அருகில் வைக்கலாகாது. இடுப்பு வாரில் தையல் நூலே உயிர்நாடி. ஒரு தையல் விட்டிருந்தாலும் அவ்வாரை அணிய வேண்டாம்.

கொக்கிகளின் வாய் தானே மூடிக்கொள்ள வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்னும் பெயரை மட்டும் நம்புவதும் தவறு. தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் ஏறுவோர் அறைந்த அத்தகைய எஃகு ஆணிகள், உப்பினால் நுண்ணிய வெடிப்புகள் கண்டு முறிந்தன. அதனால் அங்கே டைட்டானியம் ஆணிகளைப் பயன்படுத்தலாயினர்.

சங்கத்தின் கடமை

ஒவ்வொரு கயிற்றுக்கும் வாருக்கும் எண் இட்டு, வாங்கிய தேதியையும் சோதித்த தேதியையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மாடு கட்டவும் மூட்டை கட்டவும் ஏறும் கயிற்றைக் கொடுக்கலாகாது. கழித்த கயிற்றைக் கிடங்கில் சுருட்டி வையாமல் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். இன்றேல் அவசரத்தில் எவரேனும் அதனை எடுத்துச் செல்வர்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று. கயிறு ஆகாது என்று சொல்லும் அதிகாரம் ஏறுபவருக்கே இருக்க வேண்டும். புதுக்கயிற்றின் விலையைக் கணக்கிடும் காரியதரிசி கீழே நிற்பவர்; கயிறு அறுந்தால் விழுபவர் ஏறுபவர். ஏற மறுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்னும் அச்சமே பலரைக் கெட்ட கயிற்றில் ஏற்றுகிறது. அக்கூலியையும் புதுக்கயிற்றின் விலையையும் சங்கம் ஏற்றுக்கொண்டால் அவ்வச்சம் நீங்கும். ஒருவரால் தாங்க முடியாத செலவைப் பலர் பகிர்ந்து தாங்குவதற்கே நாம் கூட்டுறவு கண்டோம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.