பழைய ஒலி, புதிய வட்டு – 7: மத்தளம் ஏன் நின்றது?

வவுணதீவில் நான் முதன்முதலில் பதிந்து கொடுத்த கூத்து இறுவட்டைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாவியார் சட்டென்று கையை உயர்த்தினார். "மனே, ராசா இன்னும் ஆடிக்கிட்டு நிக்காரு. மத்தளம் ஏன் நிண்டது?"

கசற்றில் மத்தளம் நிற்கவில்லை. நிறுத்தியது நான்தான்.

கசற்றைக் கணினியில் ஏற்றும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். ஓர் இறுவட்டு கொள்வது 80 நிமிடம். படுவான்கரையில் விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்து அதில் அடங்காது. பல வட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரவு, தரு என்று தடம் தடமாக வெட்டினேன். பதியும்போது 'டிராக் அட் வன்ஸ்' முறையை மாற்றாமல் விட்டுவிட்டேன். அதில் ஒவ்வொரு தடம் முடிந்ததும் லேசர் நின்று மறுபடி தொடங்கும். இடையில் வழக்கமாக 2 விநாடி மௌனம். சினிமாப் பாட்டென்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆட்டத் தாளத்துக்கு நடுவே 2 விநாடி என்றால் களரியே சரிந்த மாதிரி. 'டிஸ்க் அட் வன்ஸ்' முறையில் லேசர் கடைசிவரை நிற்காது, இடைவெளியைப் பூச்சியமாக்கலாம்.

மாற்றினேன். அப்போதும் தடம் மாறும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாள் எடுத்தது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த விதிப்படி ஒரு விநாடி ஒலி வட்டில் 75 துண்டுகளாகப் பதிகிறது. துண்டின் நடுவே வெட்டினால், மிச்ச இடத்தைச் சில மென்பொருள்கள் வெறும் மௌனத்தால் நிரப்பிவிடும். அந்த மௌனம்தான் டிக். வெட்டும் இடத்தைத் துண்டின் எல்லைக்கு நகர்த்தினால் போதும்.

வேகத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உறையில் 52 என்று போட்டிருந்தாலும் நான் 16இல் பதிகிறேன். மிக மெதுவாகப் பதிந்தால் இன்னும் நன்றாக வரும் என்பது இன்றைய வட்டுகளுக்குப் பொருந்தாது. நடுவில் கறண்ட் போனால் அந்த வட்டு குப்பைதான். மடிக்கணினியில் பற்றரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எம்பி3 கோப்பிலிருந்து பதியாதீர்கள். சுருக்கும்போது மங்கிய சல்லாரி பிறகு திரும்பி வராது.

ஒலி வட்டில் சிறு பழுதுகளைப் பிளேயரே ஊகித்து நிரப்பி மறைத்துவிடும். அதனால் முதல் பாட்டைக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். வட்டு உள்ளிருந்து வெளியே பதிகிறது. பிழை மலிவது பெரும்பாலும் வெளி ஓரத்தில். கடைசித் தடத்தை, வீட்டிலுள்ள ஆகப் பழைய பிளேயரில் போட்டுக் கேளுங்கள். பெயர் எழுதப் பந்துமுனைப் பேனா வேண்டாம். ஒலி பதிந்த படலம் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது; அழுத்தினால் கீறிவிடும்.

பதிந்த வட்டு வெயிலிலும் ஈரத்திலும் கெடும். ஆகவே ஒரு வேண்டுகோள்: வட்டு கைக்கு வந்துவிட்டது என்று கூத்துக் கசற்றைத் தூக்கி வீசிவிடாதீர்கள்.