பழைய மடிக்கணினியில் நினைவக மேம்பாடு

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த தொடக்கக்காலக் கணினிகளில் 2 ஜிபி ராம், 320 ஜிபி வன்தட்டு இருந்தன. பள்ளிப் பாடத்துக்கு அன்று அது போதும். இன்றோ உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே 2 ஜிபி நிரம்பிவிடுகிறது.

ராம் நிரம்பியதும் இயங்குதளம் உடனடியாகத் தேவைப்படாத தரவுகளை வன்தட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. விண்டோஸில் இதற்கான இடம் பேஜ் ஃபைல், லினக்ஸில் ஸ்வாப். ராம் ஏறத்தாழ 100 நானோநொடியில் பதில் தரும். சுழலும் வன்தட்டுக்கு 10 மில்லிநொடி வரை ஆகும். அதாவது லட்சம் மடங்கு தாமதம். சுட்டி அசையாமல் நிற்க, வன்தட்டு விளக்கு மட்டும் மினுங்குவது இதனால்தான். ராமைக் கூட்டினால் இந்தப் போக்குவரத்து குறையும். செயலியின் வேகம் கூடாது.

எனவே முதலில் டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். வழக்கமான வேலையின்போது நினைவகம் 90 விழுக்காட்டைத் தொட்டால் ராம் வாங்கலாம். நினைவகம் பாதி காலியாக இருந்தும் வட்டு 100 விழுக்காட்டில் நின்றால், அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி வாங்குவதே சரி.

பணம் வீணாவது பெரும்பாலும் பொருத்தம் பாராமல் வாங்குவதால்தான். மடிக்கணினிக்கான டிடிஆர்3 பலகையில் 204 முனைகள், டிடிஆர்4 பலகையில் 260. ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. டிடிஆர்3எல் வகை 1.35 வோல்ட்டில் இயங்கும், 1.5 வோல்ட் கேட்கும் பழைய கணினியிலும் பொதுவாக வேலை செய்யும். 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் கணினியில் சாதாரண டிடிஆர்3 செல்லாது. இயங்குதளமும் குறுக்கே நிற்கலாம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, 32 பிட் விண்டோஸ் 7இன் மற்ற பதிப்புகள் 4 ஜிபியைத் தாண்டாது. சில மெல்லிய கணினிகளில் ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் செய்ய ஒன்றுமில்லை. சிபியு-இசட் மென்பொருள் இப்போதுள்ள ராமின் வகையைக் காட்டும்.

எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்தால், ரிட்சி தெரு நடக்கும் தூரந்தான். பழைய ராமைக் கையோடு எடுத்துச்சென்று காட்டி வாங்குவது நல்லது.

பொருத்துமுன் மின்னேற்றியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்க வேண்டும். பலகையைச் சாய்வாகச் செருகி, இருபக்கக் கொக்கியும் 'டக்' என விழும்வரை அழுத்த வேண்டும். திரை இருண்டே இருந்தால் பயப்பட வேண்டாம்; கழற்றி, முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பயன்படுத்திய ராம் என்றால், கடைக்காரர் மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்க்கவும்.