மச்சம் காத்திருக்காது

கடந்த மாதம் வானொலி நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு பாட்டி அழைத்தார். "தம்பி, பேத்திக்கு மூணு வாரம்தான் ஆகுது. கண்ணுக்குப் பக்கத்துல சிவப்பா ஒரு மச்சம் வளருது. தோல் டாக்டரைப் பார்க்க ரெண்டு மாசம் கழிச்சுத் தேதி கொடுத்திருக்காங்க. காத்திருக்கலாமா?"

பதில் தெரியாமல் விழித்தேன். அன்று மாலை மருத்துவ நண்பர் ஒருவர் விளக்கினார். அது இரத்தநாளக் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். ஆனால் கண்ணருகே இருந்தால் பார்வையைப் பாதிக்கலாம். மூக்கிலோ உதட்டிலோ இருந்தால் வடு விடலாம். 5 முதல் 7 வார வயதில்தான் மிக வேகமாக வளரும்.

மருந்து இருக்கிறது. இதய நோய்க்குக் கொடுக்கும் புரோப்ரானோலோல் இக்கட்டியைச் சுருக்குவதை 2008-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அறிவித்தார்கள். பற்றாக்குறை ஆளுக்குத்தான். மலேசியாவில் மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, ஹவுஸ்மேன் பயிற்சி 2 ஆண்டு. பிறகு மேற்படிப்பு, தோல் சிறப்புப் பயிற்சி, அதற்கும் மேல் குழந்தைகளுக்கான தனிப் பயிற்சி. பத்தாண்டு தாண்டி அங்கே போய்ச் சேர்பவர்கள் சிலரே. நோயாளிகளைப் பார்ப்பதும் அடுத்தவரைப் பயிற்றுவிப்பதும் அதே சிலர்தான்.

அவர்கள் பெருகும்வரை, வீட்டுக்கு வரும் தாதிக்கும் சுகாதார கிளினிக் மருத்துவருக்கும் எந்த மச்சம் அவசரம் என்று கற்றுத்தருவதே உடனடி வழி. நாமும் சில நாளுக்கொரு முறை படம் எடுத்து வைக்கலாம். கண், மூக்கு, உதட்டருகே இருந்தாலோ, வளர்வது தெரிந்தாலோ, உடனே கிளினிக்கில் காட்டி, தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கேளுங்கள்.

பாட்டியை அழைத்து அதையே சொன்னேன். "சரி தம்பி, நாளைக்குக் காலையிலேயே போறோம்" என்றார்.