சுற்றும் இறக்கைக்கு ஒயர் இழுப்பது எப்படி?

திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரைவாசிகளுக்குக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர்கள் புதியவை அல்ல. 2022 ஜூன் 20 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட 840-வது ஸ்குவாட்ரனில் இருப்பவை, பெங்களூரு எச்.ஏ.எல். தயாரித்த 'துருவ்' மார்க் 3 ரகம்.

2025 ஜனவரி 5 அன்று, இதே படையின் துருவ் ஒன்று குஜராத்தின் போர்பந்தரில் விழுந்து நொறுங்கி மூன்று பேர் இறந்தனர். நாட்டிலுள்ள எல்லா துருவ்களும் தரையில் நிறுத்தப்பட்டன. விசாரணையில், 'ஸ்வாஷ் பிளேட்' என்ற பாகம் உடைந்திருந்தது தெரிய வந்தது. பைலட்டின் கட்டளையை இறக்கைகளுக்குக் கொண்டு செல்லும் தட்டு இது. இதன் கீழ்ப் பாதி சுற்றாது. மேல் பாதி இறக்கைகளோடு சேர்ந்து சுற்றும்.

இப்படிச் சுற்றும் பாகம் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது என்று பறக்கும்போதே அளக்க முடியுமா? முடியும். அதன் மேல் சென்சார் ஒட்ட வேண்டும். சென்சாருக்கு மின்சாரம் போக வேண்டும். அது தரும் தகவல் கீழே வர வேண்டும். சிக்கல் இங்கேதான். நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றும் பாகத்தில் ஒயர் கட்டினால், அது முறுக்கி அறுந்துவிடும்.

பழைய வழி

உங்கள் வீட்டு மிக்ஸியில் கார்பன் பிரஷ் பார்த்திருப்பீர்கள். சுற்றும் பாகத்தை உரசிக்கொண்டே மின்சாரம் தரும் சிறு கரித்துண்டு அது. ஹெலிகாப்டரிலும் இதே முறையில், உலோக வளையங்களின் மேல் பிரஷ் உரசும் 'ஸ்லிப் ரிங்' உண்டு. ஆனால் உரசினால் தேய்மானம் வரும், கரித்தூள் படியும். அதிர்வில் பிரஷ் ஒரு நொடி விலகினாலும் அளவில் பிழை விழும்.

தொடாமல் மின்சாரம்

ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால், அருகிலுள்ள இன்னொரு சுருளிலும் மின்சாரம் உண்டாகும். 1831-ல் ஃபாரடே கண்டறிந்தது இது. செல்போனை ஒயர்லெஸ் சார்ஜரில் வைக்கும்போது நடப்பதும் இதுதான்.

போன் நடுவிலிருந்து நகர்ந்தால் சார்ஜ் குறையும். சுற்றும் பாகத்தில் அந்தக் கவலை இல்லையா? இல்லை. இரண்டு சுருள்களையும் தண்டைச் சுற்றி வளையமாக, எதிரெதிரே வைக்கிறார்கள். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இடைவெளி மாறாது. இதற்கு 'ரோட்டரி டிரான்ஸ்ஃபார்மர்' என்று பெயர். பழைய வி.சி.ஆரில், நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும் டிரம்மிலிருந்து படத்தின் சிக்னலை எடுத்ததும் இதே முறைதான்.

பேட்டரி வைக்கலாமே என்று கேட்கலாம். துருவின் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 13.2 மீட்டர். இறக்கையின் நுனியில் 10 கிராம் பொருள் வைத்தால், அது சுமார் 6.6 கிலோ எடை போல இழுக்கும்! எனவே அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. தீர்ந்த பேட்டரியை நடுவானில் மாற்றவும் முடியாது.

தகவல் வருவது எப்படி?

20 சென்சார்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 1000 முறை, 16 பிட் அளவில் அளப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 40 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்கு 144 மெகாபைட். பழைய 56 கே டயல்-அப் மோடத்தின் வேகம் இதற்குப் போதாது; இன்றைய ரேடியோ இணைப்புகளுக்கு இது சாதாரணம். பல சி.டி. ஸ்கேன் கருவிகளில் சுற்றும் வளையத்திலிருந்து படத் தகவல் வருவதும் தொடாமல்தான்.

வேகம் மட்டும் போதாது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரிசை எண்ணும் பிழை காணும் எண்ணும் தேவை. உங்கள் வைஃபையும் இதைத்தான் செய்கிறது. கூடவே, அந்த நொடியில் இறக்கை எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் பதிவாக வேண்டும். முன்னோக்கி வரும் இறக்கையும் பின்னோக்கிப் போகும் இறக்கையும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. கோணம் தெரியாவிட்டால், 144 மெகாபைட்டும் வெறும் எண்கள்தான்.

எதிலெல்லாம் கவனம்?

இடைவெளி அதிகமானால் கிடைக்கும் மின்சாரம் குறையும். பக்கத்தில் உலோகம் இருந்தால், அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சூடாகும். ஹெலிகாப்டரில் சுற்றிலும் உலோகம் என்பதால், சுருள்களுக்குப் பின்னால் ஃபெரைட் வைத்து காந்தப்புலத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கும் இதுவே பாடம். ஒயர்லெஸ் சார்ஜர் மேல் நாணயமோ சாவியோ வைக்காதீர்கள். தடிமனான கவரைக் கழற்றிவிட்டு, போனைச் சரியாக நடுவில் வையுங்கள்.