நாய்க்கு இருந்த வம்சாவளி

சென்ற ஓண விடுமுறையில் கிழக்கேகோட்டையில் நம் அண்டை வீட்டார் பத்து நாள் வெளியூர் சென்றனர். அவர்களுடைய லாப்ரடார் நாயைக் கவனிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இதையே ஊதியத்திற்குச் செய்வோர் இப்போது நகரங்களில் பெருகியுள்ளனர். நாம் செய்தது அண்டை வீட்டு உரிமையில்.

காலை ஐந்தரைக்கு நடை, ஏழுக்கு உணவு, மாலையில் மீண்டும் நடை. பத்மதீர்த்தக் குளக்கரையில் நடந்தால் எதிரே மேத்தன் மணி தெரியும். மணிதோறும் அந்தத் தாடிக்கார முகத்தின் கன்னங்களை இரண்டு ஆடுகள் முட்டும். நாம் நின்று பார்ப்போம். நாய் நம்மை இழுக்கும்.

அண்டை வீட்டார் தந்த உறையில் தடுப்பூசி அட்டையுடன் கென்னல் கிளப் சான்றிதழும் இருந்தது. பிறந்த தேதி, தாய், தந்தை, அவற்றின் முன்னோர் என எல்லாப் பெயர்களும் அதில் இருந்தன. நம் பாட்டியைப் பற்றி இவ்வளவு தெரியுமா என்று எண்ணியபோது வெட்கமாக இருந்தது. பாட்டி எங்கோ ஒரு வங்கியில் பணம் போட்டிருந்ததாக அம்மா சொல்லி வந்தார். வங்கியில் இருபது ஆண்டு பணிபுரிந்தும் அதைத் தேட நாம் முனையவில்லை!

பத்தாண்டுகளாக உரிமை கோரப்படாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். எனினும் வாரிசுகள் அந்தந்த வங்கியிலேயே அதைக் கோரிப் பெறலாம். பல வங்கிகளின் பட்டியலை ஒரே இடத்தில் தேட, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. பாட்டியின் பெயரை அவருடைய தந்தை பெயரின் முதலெழுத்துடன் கொடுத்துத் தேடினோம். ஒன்றும் வரவில்லை.

பிழை நம்முடையதே. பாட்டி நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்தில், மருமக்கள் வழி நிலவிய காலத்தில் பிறந்தவர். அங்கே குடும்பத்தின் தலைவர் காரணவர், அதாவது தாய்மாமன். சொத்து மகனுக்கன்றி மருமகனுக்குச் சேரும். மனைவியும் மக்களும் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நகைச்சுவையோடு பாடியதைத் தமிழர் அறிவர். 1926இல் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. அதன் பின் குடும்பங்கள் பாகம் பிரிந்தன. நம் குடும்பப் பாகப் பத்திரத்தின் நகல் அம்மாவின் பெட்டியில் இருந்தது. ஆண்டு 1107. அது கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அதில் பாட்டியின் பெயருக்கு முன்னே தாய்வழி வீட்டுப் பெயர் இருந்தது. அப்பெயரைச் சேர்த்து, பழைய முகவரியுடன் தேடியபோது ஒரு வரி வந்தது.

இன்னும் பின்னோக்கிச் செல்ல விரும்புவோருக்குக் கோட்டைப் பகுதியிலேயே கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் உண்டு. அங்கே 2022இல் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் எழுதிய ஓலைகளைக் கண்ணாடிக்குப் பின்னே காணலாம். படிக்க மட்டும் பயிற்சி வேண்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துள்ளோம். அம்மாவும் சித்திமார் இருவரும் கையொப்பமிட்டனர். தொகை பெரிதாயிராது. பாட்டியின் முழுப்பெயரை எழுத்துக் கூட்டி எழுதும்போது அம்மா இருமுறை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.

அண்டை வீட்டார் திரும்பிவிட்டனர். நாய் இன்றும் ஐந்தரைக்கு நம் வாசலில் வந்து நிற்கிறது.