முன் அனுபவம் இல்லாத பதின்ம வயதினரின் முதல் வேலை

முதல் வேலை என்பது இக்கட்டுரையில், பள்ளிப் படிப்பின் இறுதியிலோ அதை முடித்த உடனேயோ பதின்ம வயதினர் ஒருவர் ஊதியத்துக்காகச் சேரும் முதல் பணியைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தேடல் இரண்டு பருவங்களில் மிகுதி. மார்ச் மாதம் பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள இடைவெளி ஒன்று. ஜவுளிக்கடைகளும் இனிப்பகங்களும் கூடுதல் ஆள் எடுக்கும் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் மற்றொன்று. படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பச் சூழலால் வேலைக்குப் போவோர் எந்தப் பருவத்திலும் தேடுகின்றனர். சட்டப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவதும் இவர்களுக்கே.

முன் அனுபவம் என்ற கேள்வி

"ஆட்கள் தேவை, முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்ற அறிவிப்பைக் கண்டு பலர் கடைக்குள் நுழையாமலே திரும்பிவிடுகின்றனர். சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் இந்த வரிக்கு அவ்வளவு கனம் இல்லை. உரிமையாளர் தெரிந்துகொள்ள விரும்புவன மூன்று: நேரத்துக்கு வருவாரா, கல்லாவில் கை சுத்தமா, இரண்டு மாதத்தில் நின்றுவிடுவாரா. அதனால்தான் முதல் கேள்வி பெரும்பாலும் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதாகவும், அடுத்தது "மேற்கொண்டு படிக்கப் போகிறாயா?" என்பதாகவும் அமைகிறது. இரண்டாவது கேள்விக்குப் பொய் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஜூன் வரை மட்டுமே வரமுடியும் என்று முன்கூட்டியே சொல்பவரை, அடுத்த விடுமுறையில் அதே கடை மறுபடி கூப்பிடும் வாய்ப்பு உண்டு.

அனுபவம் என்று எண்ணப்படாத பலவும் அனுபவமே. கல்யாணப் பந்தியில் பரிமாறியது, தந்தையின் கடையில் கணக்கு எழுதியது, அதிகாலையில் செய்தித்தாள் போட்டது, தேசிய மாணவர் படையில் இருந்தது, தட்டச்சில் இளநிலைத் தேர்வு தேறியது ஆகியவற்றை ஒரு பக்க விண்ணப்பத்தில் எழுதலாம். அதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, விசாரிப்பதற்கென அவர் பெயரையும் எண்ணையும் குறிப்பிடுவது, "யார் வீட்டுப் பிள்ளை" என்ற கேள்விக்கு அறிமுகம் இல்லாத ஊரில் பதிலாக அமையும்.

வயதும் சட்டமும்

குழந்தை மற்றும் வளரிளம் பருவத்தினர் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1986-இல் இயற்றப்பட்டு 2016-இல் திருத்தப்பட்டது. இதன்படி 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துவது குற்றம். பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், கலைத்துறைக்கும் மட்டும் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளோர் வேலை செய்யலாம். ஆனால் சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. பட்டாசு ஆலைக்கு 17 வயதுப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது இதன் பொருள்.

அனுமதிக்கப்பட்ட வேலைக்கும் எல்லைகள் உண்டு. ஓய்வு நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. 3 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. மிகைநேர வேலை கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். தீபாவளி நெரிசலில் இரவு 11 மணி வரை துணி மடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். மீறல் குறித்துத் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்திலும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

இருசக்கர வாகனத்தில் பொருள் கொண்டுசேர்க்கும் வேலை பலரை ஈர்க்கிறது. கியர் உள்ள வண்டிக்கும் வழக்கமான ஸ்கூட்டருக்கும் ஓட்டுநர் உரிமம் 18 வயதில்தான் கிடைக்கும். சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

பயிற்சி வழியே நுழைதல்

அனுபவம் இல்லாதவருக்கென்றே அமைந்த வழி தொழில் பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 14 வயது நிறைந்தவர் ஆபத்தில்லாத தொழில்களில் பழகுநராகச் சேரலாம். 18 வயதுக்கு உட்பட்டவருக்காகக் காப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வு எழுதித் தேறினால் நாடெங்கும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஐ.டி.ஐ. முடித்தவரோடு 10-ஆம் வகுப்பு முடித்த புதியவரையும் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் பழகுநராக எடுத்துவந்துள்ளது. பழகுநர் என்பவர் சட்டப்படி பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை உறுதி என்று எண்ணிவிடக் கூடாது.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை. 10-ஆம் வகுப்புக்குப் பின் உடனே சம்பளம் தேடுவதைவிட, ஓராண்டோ ஈராண்டோ அங்கே கழிப்பது பிற்காலச் சம்பளத்தை உயர்த்தக்கூடியது. வீட்டுக் கடன் அதற்கு இடம் தராத குடும்பங்களும் உண்டு.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அரசுப் பணிக்கான மூப்புக்கே இது பெரிதும் பயன்படும். உடனடி வேலைக்கு அதே அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களே உகந்தவை.

சேரும் முன் பேசிக்கொள்ள வேண்டியவை

முதல் வேலையில் பலர் ஏமாறுவது சம்பளத் தொகையில் அன்று, பேசாமல் விட்ட நிபந்தனைகளில். "ஒரு வாரம் வந்து பார், பிறகு சொல்கிறேன்" என்றால் அந்த ஒரு வாரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்க வேண்டும். சம்பளம் எந்தத் தேதியில், கையிலா வங்கியிலா, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பவற்றைப் பெற்றோரோ பெரியவர் ஒருவரோ உடனிருக்கப் பேசுவது நல்லது. கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் தேவையற்றது.

மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லும் இடங்களும் உள்ளன. நகலை மட்டுமே கொடுக்க வேண்டும். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். கல்விச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகள் தொடர்பான வழக்கில் தெளிவாக்கியுள்ளது. மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லாமல் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர முடியாமல் தவிப்பது ஒரு வேலைக்குக் கொடுக்கும் மிகப் பெரிய விலை.

"இரண்டு ஆண்டு நிற்காவிட்டால் பணம் கட்ட வேண்டும்" என்று 18 வயது நிறையாதவரிடம் எழுதி வாங்கும் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி சிறாரின் ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்தது. இன்றும் அதுவே நிலை.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளில் பரவிய "சுமங்கலித் திட்டம்" இத்தகைய நிபந்தனையின் கடுமையான வடிவம். மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினர். நோயாலோ களைப்பாலோ இடையில் வீடு திரும்பியவர்கள் பலர் அந்தத் தொகையை இழந்தனர். சம்பளத்தின் பெரும்பகுதியைக் கடைசியில் தருவதாகச் சொல்லும் எந்த வேலையையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

வேலைக்கு முன்பணம் கேட்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் மோசடியே. வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்தால் மாதம் ஒரு தொகை என்பது "வேலை" அன்று. மோசடிப் பணம் அந்தக் கணக்கின் வழியே போனால் விசாரணைக்கு உள்ளாவது கணக்குக்கு உரியவர்தான். ஏமாந்தவர்கள் 1930 என்ற இணையவழிக் குற்ற உதவி எண்ணில் உடனே தெரிவிக்கலாம்.

சிறு கடைகள் விலகும்போது அனுபவச் சான்று தருவது அரிது. கடையின் பெயர் அச்சிட்ட தாளில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ன வேலை என்று இரண்டு வரி எழுதி முத்திரையிட்டு வாங்கினால் போதும். அதுவும் கிடைக்காதபோது, சம்பளம் மாதந்தோறும் வரவான வங்கிக் கணக்குப் புத்தகமே அடுத்த இடத்தில் காட்டச் சான்றாகும்.