பம்பின் பெல்ட்டு நழுவுவதேன்?

எஞ்சின் முழு வேகத்தில் ஓடுகிறது. வாய்க்காலில் நீரோ மெலிந்து வருகிறது. எஞ்சினின் சுழற்சியைப் பம்பிற்குக் கொண்டு செல்லும் தட்டைப் பெல்ட்டு நழுவுவது இதற்கொரு காரணமாகலாம். பெல்ட்டு சூடேறுவதும் கிறீச்சிடுவதும் கப்பியின் முகம் பளபளப்பதும் இதன் அறிகுறிகள். மையவிலக்குப் பம்பின் வேகம் 10 சதவீதம் குறையுமாயின், அது நீரை உயர்த்த வல்ல உயரம் சுமார் 19 சதவீதம் குறையும். ஆதலின், ஆழ்ந்த கிணற்றில் சிறு நழுவலும் பயிரை வாட்டிவிடும்.

நழுவும் பெல்ட்டை மேன்மேலும் இறுக்குவதே பலரது வழக்கம். அளவு மீறி இறுக்கினால் பேரிங்குகள் தேய்ந்து கெடும். பெல்ட்டின் பிடிப்பு இறுக்கத்தை மட்டுமின்றி, உராய்வையும், பெல்ட்டு கப்பியைத் தழுவும் வளைவையும் பொறுத்ததாகும். உராய்வெண் 0.3 எனக் கொள்வோம். தழுவல் 180 பாகையாயின், இறுகிய புறத்தின் இழுவிசை தளர்ந்த புறத்தினதைப் போல் சுமார் 2.6 மடங்கு வரை நழுவாது நிற்கும். 210 பாகையாயின் 3 மடங்கு வரை நிற்கும்.

எனவே, முதலில் எஞ்சினை நிறுத்துக. பெல்ட்டிலும் கப்பியிலும் படிந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுக்க வேண்டும். கப்பிகள் ஒரே நேரில் உள்ளனவா என்பதை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுவும்போதே தளர்ந்த புறம் மேலே வருமாறு அமைத்தால், அது தொய்ந்து கப்பியை மிகுதியாகத் தழுவும். இவற்றின் பின்னரே, வேண்டிய அளவு மட்டும் இறுக்குக. ஓடும் பெல்ட்டில் பிசின் தடவுதல் ஆகாது. கை போகும், தோள்துண்டும் சிக்கும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிதில் காட்டலாம். கம்பத்தில் கயிற்றை இரு சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பெரியவர் இழுக்கட்டும். மறுமுனையைச் சிறுவன் ஒருவனே தாங்கி நிற்பான்.